ரோஸலிண்டுக்காகத் தரையை இறக்கியவர்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் மெல்வின் கோட்ஸ். ஐந்தடி நான்கு அங்குலம். அக்கா ரோஸலிண்ட், எங்களுக்கெல்லாம் ராஸ், ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. கல்யாண போட்டோ எடுக்க வந்த ஆள் முன்னால் போய், பின்னால் போய், நாற்காலி மேல் ஏறியெல்லாம் பார்த்தான். ஒன்று இவர் தலை மட்டும் விழும், இல்லையென்றால் படம் அவள் கழுத்தோடு நின்றுவிடும். கடைசியில் அவளை உட்கார வைத்து இவரை நிற்க வைத்தார்கள். அப்போதும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எங்கள் அப்பா சொல்லிச் சிரித்தார். மெல்வினும் சிரித்தார்.

அவர் அப்படித்தான். எதற்கும் கோபம் வராது. முப்பத்தெட்டு வருடம் நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், அவர் என்னோடு ஒரு தடவைகூடப் போட்டதில்லை. இங்கிலாந்தின் ஹிங்க்லி ஊரில் காலுறை பின்னும் ஆலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு உள்ளே போனவர், ஆலையை மூடியபோதுதான் வெளியே வந்தார். இரைச்சலில் வேலை செய்து செய்து பேச்சே குறைந்துவிட்டது. நாம் பத்து வார்த்தை பேசினால் அவர் "சரி வாத்து" என்பார். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியையும் வாத்து என்போம், பேருந்து நடத்துநரையும் வாத்து என்போம். அவர் மட்டும் அக்காவிடம் சொல்லும்போது அந்தச் சொல் கொஞ்சம் மெதுவாக வரும்.

ஆலை மூடியதும் ஊரில் மற்ற ஆண்கள் குடிக்கப் போனார்கள், மீன் பிடிக்கப் போனார்கள். இவர், பாகம் பாகமாக வந்து நாமே பூட்டிக்கொள்கிற கிட் கார் ஒன்றை வாங்கினார். வாங்கினார் என்று சொல்வதே தப்பு. இரும்புச் சட்டம் ஒரு லாரியில் வந்தது. கண்ணாடியிழை உடம்பு இன்னொரு லாரியில் வந்தது. எஞ்சினுக்கு எங்கேயோ மோதி நசுங்கிய பழைய ஃபோர்டு ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதையெல்லாம் கராஜில் பரப்பி வைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷத்துல முடிச்சிடுவேன்" என்றார். எட்டு வருடம் ஆனது.

அந்தப் பைத்தியத்துக்கு ஒரு சங்கமும் உண்டு. பழைய விமானத் திடல் ஒன்றில் ஏப்ரலில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை கூடுவார்கள். காரை முடித்தவர்கள் வரிசையாக நிறுத்தி மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் எஞ்சினை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். மனைவிமார் காருக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பின்னல் வேலை செய்வார்கள், ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொள்வார்கள். காரை முடிக்காதவர்களின் பெண்டாட்டிகளுக்கு வேலி ஓரம்தான் இடம். அக்கா எட்டு வருடம் வேலி ஓரம் உட்கார்ந்தாள். புதிதாகக் கட்டி முடித்த கார் முதல் தடவை வாசலுக்குள் நுழையும்போது, திடலில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து போய் ஹாரன் அடிப்பார்கள். அது அங்கே வழக்கம். அக்காவுக்கு அந்த ஹாரனைக் காருக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டும். வேறு எதையும் அவள் அவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஏழாவது கோடையில் கூரையைப் பொருத்தினார்கள். உதவிக்கு வந்தவர் சங்கத்துக்காரர் கீத். கூரையோடு சேர்த்தும் அந்தக் கார் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. மெல்வின் கதவைத் திறந்து, "உட்காரு வாத்து" என்றார். அக்கா ஒரு காலை விட்டு, மறு காலை மடக்கி, ஒரு வழியாக உள்ளே போனாள். போனவளுக்குத் தலை நிமிரவில்லை. கட்டிலுக்கு அடியில் செருப்புத் தேடுகிறவள் மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள்.

"மெல், இப்படியே வந்தா வழியெல்லாம் உன் முழங்காலைத்தான் பாத்துக்கிட்டு வரணும்" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு.

"கூரையில ஒரு ஓட்டை போட்டுடுப்பா. மழை வந்தா மட்டும் ராஸ் தொப்பி போட்டுக்கட்டும்" என்றார் கீத்.

மெல்வினுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. காரை வாங்குவதற்கு முன்பே அவளை ஒரு பலகையில் உட்கார வைத்து, கராஜ் சுவரில் தலைக்கு நேராகக் கோடு போட்டு அளந்தவர் அவர். கூரைக்கு உள்பக்கம் துணி ஒட்டுவதையும், இருக்கைக்கு மெத்தை என்று ஒன்று வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். இத்தனைக்கும் நட்டு, போல்ட் எல்லாவற்றையும் மூன்று தடவை அளந்து பார்க்கிறவர்.

"தரையை இறக்கிடறேன்" என்றார்.

இருக்கைக்கு அடியில் இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தகடு இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு, ஆழமான தட்டு ஒன்றைச் செய்து கீழே தொங்குகிற மாதிரி வெல்டிங் வைக்க வேண்டும். தட்டு எவ்வளவு ஆழமோ அவ்வளவு தலைக்கு இடம் கிடைக்கும். உயரமான ஆட்கள் பலரும் செய்கிற வேலைதான். ஆனால் புகைக்குழாயை நகர்த்த வேண்டும், வேகத்தடையில் அடி தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீத் இதையெல்லாம் சொல்லி, நிதானமாகச் செய் என்றார். மெல்வினுக்கு நிதானத்தைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும். மற்ற வேலைகளை முடித்துவிட்டுச் செய்கிறேன் என்று தரையை அப்படியே விட்டு வைத்தார்.

அக்டோபரில் அக்காவுக்கு முதுகு வலித்தது. உருளைக்கிழங்கு தோண்டினதில் பிடித்துக்கொண்டது என்றாள். டிசம்பரில் படி ஏறும்போது நின்று நின்று ஏறினாள். ஜனவரியில் லெஸ்டர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரத்தத்தில் வந்த புற்று, எலும்பை உள்ளிருந்து அரிக்கிறது. முதுகெலும்புக் கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்கி, ஒன்றின் மேல் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தன. எவ்வளவு காலம் என்று மெல்வின் கேட்டார். மருத்துவர் கோடையைப் பற்றிப் பேசினார். கோடைக்கு அப்புறம் எதையும் பேசவில்லை.

அடுத்த தடவை மெல்வினுக்குக் காய்ச்சல், நான்தான் அழைத்துப் போனேன். மருந்தின் அளவுக்காக எடையும் உயரமும் பார்த்தார்கள். நர்ஸ் அவளைச் சுவரோடு நிற்க வைத்துக் கம்பியைத் தலை மேல் இறக்கி எண்ணைச் சொன்னாள். "மறுபடி அளங்க" என்றாள் அக்கா. மறுபடி அளந்தும் அதேதான். நாலு அங்குலம் போயிருந்தது.

கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். நான் சாவியைப் போடும்போது சொன்னாள்.

"மெல்கிட்ட சொல்லாதே."

"என்னத்தை?"

"நடிக்காதே ஹேஸல். வியாதி அவனுக்குத் தெரியும், அது போதும். இது வேண்டாம்."

"ஒரே வீட்டுல இருக்கற ஆளு, கண்ணு தெரியாதா அவருக்கு?"

"அவனுக்கு வலி தெரியும், மாத்திரை தெரியும். நிமிந்து நிக்கலைன்னா வலின்னு நெனச்சுக்குவான். நெனச்சுக்கட்டும். முதல் நாள் டான்ஸ் ஹால்ல என்கிட்ட வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'உங்க பக்கத்துல நின்னா எனக்குக் கழுத்து வலிக்கும், பரவாயில்ல, ஒரு டான்ஸ் ஆடலாமா'ன்னான். அந்த உயரத்தையும் எடுத்துக்கிட்டாங்கன்னு அவன் தெரிஞ்சுக்க வேணாம்."

அன்றைக்கு நான் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அதிலிருந்து அவர் அறைக்குள் வந்தால் அவள் உட்கார்ந்துவிடுவாள். தடித்த அடி வைத்த செருப்பாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். முதுகு வளைய வளைய பாவாடை முன்பக்கம் தொங்கியது, பின்பக்கம் ஏறியது. அவர் கராஜில் இருக்கும் நேரமாகப் பார்த்து நான் முன்பக்கத்தை மடித்துத் தைத்துக் கொடுப்பேன். இரண்டு பெண்பிள்ளைகள் அப்பாவுக்குத் தெரியாமல் ஏதோ செய்கிற மாதிரி அதில் ஒரு சிரிப்பும் இருந்தது. தைத்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுவேன்.

பிப்ரவரியில் கார் முடிந்துவிட்டது, தரை ஒன்றுதான் பாக்கி. ஒருநாள் டீ குடிக்கும்போது அக்கா ரொம்பச் சாதாரணமாக எடுத்துவிட்டாள்.

"தரை கிடக்கட்டும் மெல். கொஞ்சம் குனிஞ்சுக்கிட்டா போச்சு. ஏப்ரல் கூட்டத்துக்கே போயிடலாமே."

அவள் ஏன் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இனி தரையை இறக்க வேண்டியதில்லை. அந்தக் காரில் அவள் இப்போது நிமிர்ந்தே உட்காரலாம். மெல்வின் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி வாத்து" என்றார். வீட்டில் கட்டின காரைத் தெருவில் ஓட்ட அரசாங்கச் சோதனை ஒன்று உண்டு, அதற்குத் தேதியும் கேட்டு வாங்கினார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஏப்ரலில் அவளால் போக முடியும், உடம்பு அதுவரை தாங்கும்.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு காலையில் நான் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தால் கராஜில் அறுக்கும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கார் மரக்கட்டைகள் மேல் ஏற்றப்பட்டிருந்தது. மெல்வின் அதற்கு அடியில் படுத்துக்கொண்டு தீப்பொறி பறக்கத் தரையை வெட்டிக்கொண்டிருந்தார். பாதித் தகடு ஏற்கெனவே கீழே விழுந்து கிடந்தது. கதவு வழியாகப் பார்த்தால் கராஜ் சிமெண்டு தெரிந்தது.

"என்ன காரியம் பண்றீங்க? ஏப்ரலுக்குப் போறதா சொன்னீங்களே."

"அவ தலை இடிக்குமே."

"இடிச்சா என்ன? குனிஞ்சுக்கறேன்னு அவளே சொன்னாளே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பொண்டாட்டி குனிஞ்சு வரமாட்டா, ஹேஸல்."

அந்த நிமிடம் அவரை அடிக்கலாம் போல இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். நேராக அக்காவிடம் போனேன்.

"சொல்லித் தொலை ராஸ். ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாரு. இல்லாத தலைக்கு இடம் பண்ணிக்கிட்டிருக்காரு அந்த மனுஷன். உனக்கு இருக்கறதே கொஞ்ச நாள். அதையும் அந்தத் தரை தின்னுது."

அவள் சன்னல் ஓரம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். சத்தம் நன்றாகக் கேட்டது. முகத்தில் ஒரு களை இருந்தது, எனக்கு அது எரிச்சலாக வந்தது.

"அவன் மனசுல நான் இன்னும் உயரமாத்தானே இருக்கேன்? இல்லைன்னா எதுக்கு வெட்டறான்? வெட்டட்டும் விடு."

ஏப்ரல் வந்தது. கூட்டம் நடந்த அன்று அக்கா இருமினதில் விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டுப் படுத்திருந்தாள். மாலையில் கீத் வந்து, திடலில் விற்ற கேக்கில் ஒரு துண்டு கொடுத்துவிட்டுக் கராஜுக்குப் போனார். நானும் போனேன். புதுத் தட்டைப் பொருத்திப் பார்த்தாகிவிட்டது, வெல்டிங்தான் பாக்கி.

"வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி ராஸை ஒரு தடவை உக்கார வச்சுப் பாத்துடேன்பா. மெத்தை விஷயத்துல பட்டது போதாதா?" என்றார் கீத்.

"வேண்டாம். அளவு என்கிட்ட இருக்கு" என்றார் மெல்வின்.

கராஜ் சுவரில் எட்டு வருடத்துக்கு முந்தைய கோடு. அதை நம்பிக்கொண்டு இந்த ஆள் இரும்பை வெட்டுகிறாரே. காரை வாரம் தவறாமல் அளக்கிறவர், பக்கத்தில் இருப்பவளை ஒரே ஒரு தடவைதான் அளந்தார். நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

மே மாதம் கார் சோதனையில் தேறியது. ஜூன் கூட்டத்தன்று வெயில் அடித்தது. காலையில் அவளைக் குளிப்பாட்டித் தலை வாரி, நீலச் சட்டை போட்டுவிட்டேன்.

"உள்ள உக்காந்ததும் மேல நிறைய இடம் இருக்கும். அவன் பாத்துடுவான். என்ன சொல்றது ஹேஸல்?"

"கார்ல உக்காந்தா எல்லாரும் சரியறதுதான்னு சொல்லு."

மெல்வின் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவளைத் தூக்க அவரால் முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இருக்கையில் மெல்ல இறக்கிக் காலை உள்ளே வைத்துப் பட்டையை மாட்டினார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் நேராக உட்கார்ந்தாள். தலைமுடி கூரைத் துணியைத் தொட்டது.

அக்கா கையைத் தூக்கித் தலைக்கும் கூரைக்கும் நடுவே விட்டுப் பார்த்தாள். கை போகவில்லை. மறுபடி விட்டுப் பார்த்தாள்.

"மெல், இன்னும் இடிக்குதே."

"அப்படியா? கொஞ்சம் அளவு பிசகிடுச்சு போல."

"எட்டு வருஷம் கட்டினியே, ஒழுங்கா அளக்கத் தெரியாதா உனக்கு?"

"நீ இவ்வளவு உயரமா இருந்தா நான் என்ன பண்றது?"

அவள் சிரித்தாள். வெகு நாளைக்கு அப்புறம் அந்த முழுச் சிரிப்பைப் பார்த்தேன். நான் என் காரில் பின்னாலேயே போனேன். திடல் வாசலில் கீத் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அந்தச் சிவப்புக் கார் உள்ளே நுழைந்ததும் அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில் கிளம்பின. வயதானவர்கள், சின்னவர்கள் எல்லோரும் சன்னல் வழியாகக் கையை விட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். நிறுத்தவே இல்லை. அக்கா முன் கண்ணாடிக்குப் பின்னால் நேராக உட்கார்ந்து, அரசியைப் போலக் கை அசைத்துக்கொண்டு போனாள்.

மாலையில் படுக்க வைக்கும்போது என் காதருகே சொன்னாள். "ஆஸ்பத்திரியில தப்பா அளந்திருக்காங்க ஹேஸல். நாலு அங்குலமெல்லாம் இல்ல. தலை இடிச்சுது, நீயே பாத்தியே."

"பாத்தேன்" என்றேன்.

ஆகஸ்டில் போய்விட்டாள்.

நான் மெல்வினோடு சரியாகப் பேசவில்லை. குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுபோய் மேசையில் வைப்பேன், தட்டை எடுத்துக்கொண்டு வருவேன். ஏப்ரலில் அவளால் நடந்தே காரில் ஏறியிருக்க முடியும், ஜூனில் தூக்கி வைக்க வேண்டியிருந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அவ்வளவும் ஒரு தப்பான கோட்டுக்காக.

வசந்தத்தில் காரை விற்றார். வாங்க வந்தவர் டாம்வொர்த்திலிருந்து மனைவியோடு வந்தார், நல்ல உயரம். நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது அவர் இடப்பக்க இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பக்கம் தரை இறக்கியிருக்குன்னு சொன்னீங்களே. அப்பவும் இப்படி இடிக்குதே."

"மெத்தை உயரம். எடுத்துடலாம்" என்றார் மெல்வின்.

அந்த மனிதர் வெளியே வந்து மெத்தையை இழுத்தார். அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. தோட்டத்து நாற்காலியின் பச்சை ஸ்பாஞ்ச், பழைய சோபாவின் மஞ்சள் ஸ்பாஞ்ச், உடற்பயிற்சிப் பாயிலிருந்து வெட்டின நீலத் துண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக அழகாக வெட்டி ஒட்டியிருந்தது. கடைசித் துண்டு கம்பளித் துணி அளவு மெல்லியது. எல்லாம் சேர்ந்து, இறக்கின ஆழத்தைவிட அதிகம்.

"ஏங்க, இரும்பை வெட்டி இவ்வளவு பாடுபட்டு இறக்கிட்டு, அதுக்கு மேல ஏத்தியும் வச்சிருக்கீங்களே. எதுக்குங்க இந்தக் கூத்து?"

"ஒருத்தருக்கு ரெண்டும் வேண்டியிருந்துச்சு" என்றார் மெல்வின்.

அவர்கள் அந்த மெத்தைகளைக் கராஜிலேயே போட்டுவிட்டுக் காரில் போனார்கள். மெல்வின் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். டீ ஆறிப் போய் என் கையில் இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"சமையலறைச் சுவர்ல டைல்ஸ் இருக்கில்ல. அவ நாற்காலியில சாஞ்சு உக்காந்தா, தலை எந்த வரிசைக்கு வருதுன்னு பாத்துக்குவேன். இறங்க இறங்க ஒவ்வொரு துண்டா சேத்தேன்."

"அப்புறம் எதுக்குத் தரையை வெட்டினீங்க மெல்? அந்த நாளெல்லாம் எதுக்கு வீணாக்கினீங்க?"

"உயரமா இருக்கறவளுக்குத்தானே தரையை இறக்கணும். வெட்டாம விட்டா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுடுமே."

அடுக்கின மெத்தைகள் மேலேயே அவர் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்க்காமல் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"கல்யாணமான நாள்ல இருந்து அவ பாதம் கட்டிலுக்கு வெளியிலதான் இருக்கும். எந்தப் போர்வையும் எட்டாது. குளிர்காலத்துல நான் எழுந்து அதுக்கு மேல என் கம்பளிக் கோட்டைப் போட்டு விடுவேன். பிப்ரவரியில ஒருநாள் காலையில கோட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். ரெண்டு காலும் உள்ள இருந்துச்சு, ஹேஸல். நல்லா நீட்டித்தான் படுத்திருந்தா. நான் கோட்டை மாட்டிக்கிட்டுக் கராஜுக்கு வந்தேன். அன்னைக்குத்தான் தரையை வெட்ட ஆரம்பிச்சேன்."